பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

அண்ணாமலை நகரில் இருந்த அந்த டைப்பிங் கடைக்கு நானும் மச்சானும் ஒரே ஒரு வேலைக்காகத்தான் போனோம். பழைய சர்வரில் இருப்பதை ஒன்றும் விடாமல் புதுப் பெட்டிக்கு மாற்றித் தர வேண்டும். அரை நாள் வேலை, சாயங்கால பஸ்ஸில் கடலூர் திரும்பிவிடலாம் என்று மச்சான் சொல்லியிருந்தான். நான் மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மச்சான் என் அத்தை மகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கிள்ளையில் இறால் பண்ணைக் காவல் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் தங்கினால் அதிகம். சுனாமியில் பண்ணை போனது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் மச்சான் என்னைப் பார்த்தான். "ஸ்க்ரூவைக் கழட்டத் தெரியும்ல? வா" என்று கூட்டிப்போனான். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

டைப்பிங் கடை மாடியில் இருந்தது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி அப்போது இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருந்தன. ஆராய்ச்சி செய்கிறவர்களின் தீசிஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் அடித்து, பிழை பார்த்து, பைண்டிங்குக்கு அனுப்புவார்கள். இந்தக் கடையை நடத்தியது ஓர் அக்கா. அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். போவதற்கு முன் அவர்தான் அந்த சர்வரைப் போட்டிருந்தார். டைப்பிஸ்டுகள் அடிக்கும் கம்ப்யூட்டர்களில் எதுவும் தங்காது. எந்தப் பெட்டியில் யார் அடித்தாலும் எல்லாம் மூலையில் இருந்த சர்வரில் போய் உட்காரும். வெளியிலிருந்து யாரும் பென் டிரைவ் செருகக் கூடாது, வைரஸ் வரும் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். கடைசிப் பிரிண்ட் எடுக்கும் வரை யாருக்கும் சிடியில் போட்டுத் தரவும் மாட்டார்கள். தந்தால் பாதி வேலையில் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். எல்லாக் கடையிலும் இதே வழக்கம்தான். ஒருவருடைய பல வருஷப் படிப்பு அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருந்தது. அன்று காலை இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

சர்வர் கிழடாகியிருந்தது. ஆன் செய்தால் உள்ளே டிஸ்க் கடகடவென்று பல்லைக் கடித்தது. பொங்கல் முடிந்து கடை திறக்கும் நாளில் புது மெஷினில் வேலை தொடங்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாமே என்று மச்சான் சொல்லிப் பார்த்தான். முடியாது. வீட்டுக்காரர் போட்ட தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரின் சிடி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. போனில் கேட்டதற்கு, "இருக்கறத அப்டியே தூக்கி வைக்கச் சொல்லு" என்றாராம். அப்படியே தூக்கி வைப்பதுதான் வேலை.

முதலில் மச்சான் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினான். விண்டோஸ் சின்னம் வந்தது. அக்கா கைதட்டினார். அடுத்த நிமிஷம் திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்துகள் நிரம்பின.

"இன்னா தம்பி இது?"

"ஒண்ணுமில்லக்கா. ஆளு பழைய வூட்டுக்குப் பழகிட்டாரு. புது வூட்ல சுச்சு எங்க இருக்குதுன்னு தெரியாம தடவறாரு."

விஷயம் அதுதான். இயங்குதளம் தான் பிறந்த பெட்டியின் பாகங்களைத்தான் அறியும். புதுப் பெட்டியில் டிஸ்க்கோடு பேசும் சிப் வேறு. மறுபடியும் டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே மாட்டி, புது சிப்புக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அங்கேயே ஏற்றிவிட்டு, அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். மச்சான் அதைச் செய்தான். பல்லைக் கடிக்கும் அந்த டிஸ்க்கையே புதுப் பெட்டியில் விட முடியாது என்பதால், அதே அளவில் அதே கம்பெனியில் இன்னொரு டிஸ்க் சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கியிருந்தான். அந்த வகை புதிதாக வருவது நின்றுவிட்டது, பழசுதான் கிடைத்தது. யாரோ வைத்திருந்த குப்பையும் வைரஸும் இருக்கக் கூடாது என்று முந்தின நாளே கடலூரில் வைத்து அதை முழுக்கத் துடைத்தெடுத்திருந்தான். முதலிலிருந்து கடைசி வரை பூஜ்யம். அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் புதுசுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே மாதிரி, அச்சு அசல். லேபிளின் மங்கல்கூட ஒன்றுதான். அப்போதுதான் அக்கா புது மெஷினுக்குப் பூஜை போட்டுவிட்டு சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் திரும்பினார். மச்சான் பையில் துழாவினான். மார்க்கர் இல்லை.

"அக்கா, இதுமேல ஒரு பொட்டு வைங்க. இதுதான் சரக்கு இருக்கறது. மாறிடக் கூடாது."

அக்கா மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்து நடுவில் குங்குமம் வைத்தார். "சாமி பார்த்துக்குவாரு" என்றார்.

புதுப் பெட்டிக்கு யூபிஎஸ் இணைக்க வேண்டும். அது கீழே பைக்கில் இருந்தது. கனமான சாமான். நானும் மச்சானும் இறங்கிப்போய், ஒரு டீயும் குடித்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்தோம். மேஜைமேல் ஒரு டிஸ்க்கில் பொட்டு பளிச்சென்று இருந்தது. இன்னொன்று வெறுமையாக இருந்தது. மச்சான் பொட்டு வைத்ததை எடுத்து முதல் கேபிளிலும் வெறுமையாக இருந்ததை அடுத்த கேபிளிலும் மாட்டினான். நகலெடுக்கும் திரையில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே அளவு. முதல் கேபிளில் இருப்பதிலிருந்து இரண்டாவதற்கு. ஒரு துளி விடாமல் வரிசையாக நகலெடுக்கச் சொல்லிவிட்டு, "வா, சாப்பிட்டு வரலாம்" என்றான்.

கீழவீதியில் ஓர் ஓட்டலில் அளவுச் சாப்பாடு சாப்பிட்டோம். மச்சான் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தான். இரண்டாம் முறை ரசம் வாங்கினான். கடலூரில் ஒரு மருத்துவமனையின் சர்வர் வேலையும் வரப் போகிறது, என்னை அங்கேயே நிரந்தரமாக உட்கார வைத்துவிடுவேன் என்றெல்லாம் சொன்னான்.

திரும்பி வந்தபோது நகல் முடிந்திருந்தது. புதுப் பெட்டியை ஆன் செய்தான். கருப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்தது. இயங்குதளம் எதுவும் இல்லை என்று இங்கிலீஷில். மச்சான் பதறவில்லை. கேபிளை அழுத்திவிட்டு மறுபடி ஆன் செய்தான். அதே வரி.

"சரி, பழசைப் பழைய பெட்டியிலயே மாட்டி மொதல்லேர்ந்து பார்ப்போம்."

மாட்டினான். பழைய பெட்டி உறுமியது. வெகுநேரம் கருப்பாக இருந்தது. பிறகு அதிலும் அதே வரி வந்தது.

எனக்குக் கம்ப்யூட்டர் பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டு பெட்டியிலும் ஒரே வரி நிற்பது நல்லதில்லை என்று புரிந்தது. மச்சானின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கிள்ளையில் சுனாமிக்குப் பிறகு கரைக்கு ஓடிவந்த சில பேரின் முகத்தில் அப்படி ஒரு வெறுமையைப் பார்த்திருக்கிறேன். அதோடு இதை ஒப்பிடக் கூடாது, தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அதுதான் நினைவுக்கு வந்தது.

"கரெண்டு வரலியா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

மச்சான் அழிந்ததை மீட்கும் ஒரு சிடியைப் போட்டுத் தேடவிட்டான். திரையில் பூஜ்யம் ஓடியது. வரிக்கு வரி பூஜ்யம்.

நான் மேஜையைப் பார்த்தேன். டிஸ்க்குகள் இருந்த இடத்தில் விரித்திருந்த செய்தித்தாளில் காய்ந்த சந்தனப் பொருக்கு உதிர்ந்து கிடந்தது. குங்குமம் ஒட்டிய சின்னச் சின்னத் துண்டுகள். விரலில் எடுத்துக் காட்டினேன். மச்சான் அதையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, நாங்க கீழ போனப்ப இதுங்கள தொட்டீங்களா?"

"தொட்டேன். மேஜையைத் துடைச்சேன். ஏன்?"

"பொட்டு?"

"வச்சேனே. நீங்க பழசுக்கு மட்டும் வைக்கச் சொன்னீங்க. இனிமே உழைக்கப் போறது புதுசு. அத மொட்டையா வுடலாமா தம்பி? நல்ல காரியம் நடக்கற எடத்துல ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு வைக்காம வுடுவாங்களா? அதுக்கும் நல்லா பெருசாவே வச்சேன்."

பழைய டிஸ்க் அதுவரை ஓடி, அப்போதுதான் கழற்றப்பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டுக்கொண்டிருந்தது. அதில் வைத்த சந்தனம் உடனே காய்ந்து, மேஜையைத் துடைக்க நகர்த்தியபோது உதிர்ந்துவிட்டது. புதுசு குளிர்ந்து கிடந்தது. அதில் வைத்த பொட்டு அப்படியே நின்றது. அதைப் பழசென்று எண்ணி மச்சான் அதிலிருந்த பூஜ்யத்தை எடுத்து எல்லாவற்றின்மேலும் ஊற்றியிருந்தான்.

அக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் துணி அப்படியே இருந்தது.

"எல்லாமா?"

"எல்லாம்க்கா."

"நண்டு மேடத்தோடதுமா?"

நண்டு மேடம் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. கடையில் இருந்த டைப்பிஸ்ட் பெண்தான் சொன்னாள். மங்கலம்பேட்டைப் பக்கம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அந்த வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் போனவள். கிள்ளைக் கழிமுகத்து நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி. மாதக் கடைசிக்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த ரசீதைக் காட்டினால் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. காட்டாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக நிற்கிறது. கல்லூரியில் அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்களாம். கடைசிப் பிரிண்ட் எடுக்கத்தான் அன்று அவள் வருவதாக இருந்தது.

வந்தாள். ஒல்லியான பெண். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் பைண்டிங்குக்கான நீல ரெக்சின் துண்டு, கலர் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்திருந்தாள். கடைசியில் அக்காதான் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார். பொட்டு, டிஸ்க் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் சிரித்தாள்.

அடிப்பாள், கத்துவாள், மயங்கி விழுவாள் என்று எதற்கெல்லாமோ நான் தயாராக நின்றேன். சிரிப்புக்குத் தயாராக இல்லை. "பொட்டா? பொட்டு வச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

"அண்ணா, இதுல வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்கும்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். ஏன் என்னைக் கேட்டாள் என்று தெரியவில்லை. மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதாலாக இருக்கலாம்.

"உங்ககிட்ட பேப்பர்ல இருக்குமேம்மா" என்றேன்.

"ப்ரூப் எல்லாம் திருத்திட்டு இங்கயே குடுத்துடுவேன்ணா. எல்லாருமே அப்டித்தான்."

இதைக் கேட்டதும் டைப்பிஸ்ட் பெண் நிமிர்ந்தாள். "அக்கா, ஒன் சைடு!" என்றாள்.

கடையில் ப்ரூப்பை நல்ல தாளில் எடுக்க மாட்டார்கள். ஒருவர் திருத்திக் கொடுத்த ப்ரூப், திருத்தம் ஏற்றியதும் ஒன் சைடு பேப்பர் கட்டுக்குப் போகும். அதன் வெறும் பக்கத்தில் அடுத்தவரின் ப்ரூப் அடிப்பார்கள். இரு பக்கமும் நிரம்பிய தாளைத் திருத்தம் ஏற்றியதும் அவரவரே எடுத்துப்போவார்கள். நண்டு மேடத்தின் தாள்கள் அழியவில்லை. மற்றவர்களின் ப்ரூப்புகளுக்கு முதுகாகி அண்ணாமலை நகர் முழுக்கப் போயிருந்தன.

அதற்குள் விஷயம் பரவி ஆட்கள் வந்துவிட்டார்கள். பொருளாதாரம், தமிழ், விவசாயம் என்று எல்லாத் துறையும் படியில் நின்று கத்தியது. ஒருவர் மச்சானின் சட்டையைப் பிடித்தார். மச்சான் பிடிக்கவிட்டு நின்றான். அக்கா எழுந்தார்.

"அவரை அடிச்சா உன் தீசிஸ் வந்துடுமா தம்பி? போயி உன்கிட்ட இருக்கற ப்ரூப் அத்தினியும் எடுத்துக்கினு வா. உன் முதுகுல எவனோ இருக்கான். எவன் முதுகுலயோ நீ இருக்க. ஓடு."

எனக்கு அது நம்ப முடியாத சாயங்காலம். லாட்ஜிலிருந்தும் ஹாஸ்டலிலிருந்தும் பேப்பர் கட்டுகள் வந்துகொண்டே இருந்தன. தரையெங்கும் பரப்பினோம். ஒரு தாளில் நெல் விலை, திருப்பினால் நண்டின் கால். ஒரு தாளில் சங்க இலக்கியம், திருப்பினால் உப்பு நீரின் அளவு. எந்தத் தாளையும் யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு ஒரே காப்பி. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை அணைக்கவே இல்லை.

"யோவ், என் மூணாவது சாப்டர் உன் பின்னாடிதான்யா இருக்கு. திரும்பு."

"இன்னாத்துக்கு? நீ மொதல்ல என் முன்னுரையைக் குடு."

"நண்டு மேடம், இங்க பாருங்க, உங்க ஆளு என் கம்பராமாயணத்து மேல ஊர்ந்துக்கினு இருக்காரு!"

அவள் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து அடுக்கினாள். எதற்கும் சிரிக்கவில்லை. டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுக்கும் தாளில்கூட இரண்டு பக்கம் கிடைத்தது. எண்ணெய் ஊறி இரு பக்க எழுத்தும் ஒன்றாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்து நான் படித்துச் சொன்னேன். அந்த லத்தீன் பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் சொல்ல முடிந்தது. அவள் பொறுமையாகக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் முழுக்கவும் தேடினோம். எல்லா அத்தியாயமும் ஏறத்தாழ சேர்ந்தது. நாலாவது மட்டும் ஒரு தாள்கூட இல்லை. அதுதான் முக்கியமானது. அவள் சேற்றில் இறங்கி அளந்ததன் முடிவுகள் எல்லாம் அதில்தான். டைப்பிஸ்ட் யோசித்து யோசித்து, அந்தக் கட்டு முழுசும் ஹாஸ்டலில் இருக்கும் ஒரு விவசாயத்துறைக்காரரின் ப்ரூப்புக்குப் போனது என்றாள். அவர் ஊரிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார். நானும் நண்டு மேடமும் ஹாஸ்டல் வாசலுக்குப் போனோம். அவர் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னுது பத்திரமா இருக்கும்மா. நான் போன மாசமே சப்மிட் பண்ணிட்டேன்."

"அதில்லண்ணா. உங்க பழைய ப்ரூப். அதோட பின்பக்கம்."

"ஓ, அதுவா? வேலைதான் முடிஞ்சிடுச்சே. போகி அன்னைக்கு ரூமைச் சுத்தம் பண்ணி எல்லாத்தையும் போட்டுக் கொளுத்திட்டோம். நல்லா எரிஞ்சிது. பசங்க சுத்தி நின்னு மேளம் அடிச்சாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏம்மா? இன்னா ஆச்சி?"

ஹாஸ்டலின் பின்னால் கொளுத்திய இடத்தைக் காட்டினார். கருப்பாக ஒரு வட்டம். அதன்மேல் யாரோ சைக்கிள் ஓட்டிப் போயிருந்தார்கள். அவள் குனிந்து ஒரு குச்சியால் கிளறினாள். நான் தடுக்கவில்லை. காகிதத்தைப் பூஜ்யமாக்குவதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை என்று மட்டும் தோன்றியது.

"கையில எழுதி வச்சிருப்பியேம்மா?" என்று அந்த அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணா. நாலாவதை எழுதவே இல்ல. டைப்பிஸ்ட் பக்கத்துல உக்காந்து நான் சொல்லச் சொல்ல அடிச்சது."

வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை நின்றோம். போனதும் அவள் சொன்னாள்: "அளந்த நம்பருங்க மட்டும் ரூம்ல துண்டு துண்டா கெடக்கு. அதுலேர்ந்து மறுபடி போடணும். போன தடவ அதுக்கு ஒரு மழைக்காலம் ஆச்சி."

மாதம் முடிய அதிக நாளில்லை.

அன்றிலிருந்து அவள் அந்தக் கடையை விட்டு நகரவில்லை. மச்சான் ஒரு பெட்டியை சர்வரோடு இணைக்காமல் தனியாக அவளுக்கென்று ஏற்பாடு செய்தான். மற்ற அத்தியாயங்களை டைப்பிஸ்டுகள் பங்கு போட்டு அடித்தார்கள். நாலாவதை அவளும் அந்த டைப்பிஸ்ட் பெண்ணும் சேர்ந்து எழுப்பினார்கள். எழுப்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு முறை அடித்ததால் விரலில் ஏதோ மிச்சம் இருந்தது.

"இந்த எடத்துல நீங்க ஒரு 'ஹவெவர்' போட்டீங்கக்கா. நான் ஸ்பெல்லிங் தப்பா அடிச்சி உங்ககிட்ட திட்டு வாங்கினேன்."

"ஹவெவர்... அதுக்கப்புறம்?"

"அப்புறம் உங்களுக்குத் தும்மல் வந்துது. அதுக்கப்புறம் பொட்ட நண்டுங்களப் பத்தி இன்னாவோ."

"ஆங், முட்டை வைக்கற சீசன். அடி, அடி."

ஒரு மணிநேரம் கரெண்டு போகும். அப்போது அவள் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பாள். அக்கா சோறு பிசைந்து கொண்டுவந்து கையில் உருட்டிக் கொடுப்பார். அவர் அவள் கண்ணைப் பார்க்க மாட்டார். அவள் கையை மட்டும் நீட்டுவாள். நான் கடையிலேயே படுத்துக்கொண்டேன். சட்டையை டைப்பிஸ்ட் பெண்ணின் அண்ணன் கொடுத்தான். மச்சான் கடலூர் கடையைப் பூட்டிவிட்டு இங்கேயே கிடந்தான். ஒரு தடவைகூட அவன் யாரையும் குறை சொல்லவில்லை, தன்னையும் சொல்லிக்கொள்ளவில்லை. என்னைக்கூட ஜாடையில்தான் கூப்பிட்டான்.

அவளுடைய பேராசிரியர் ஒரு நாள் மாடியேறி வந்தார். வயதானவர். பழைய ப்ரூப்பை அவரும் படித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். திட்டப் போகிறார் என்று அவள் எழுந்து நின்றாள். அவர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அதுவரை அடித்ததை வாங்கி ஒரு பென்சிலோடு படித்தார். ஓரிடத்தில் கோடிட்டு, "இந்த எண் பழசுல வேறயா இருந்ததே?" என்றார். அவள் துண்டுச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினாள். பழசில்தான் தப்பாகக் கூட்டியிருந்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது. எரிந்துபோகாமல் இருந்திருந்தால் அந்தத் தப்பு பைண்டிங்கோடு உள்ளே போயிருக்கும். அதற்காக யாரும் சந்தோஷப்படவில்லை. "இன்னும் எதெல்லாம் தப்போ" என்று அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். இருந்த நேரத்தில் பாதி அதில் போனது. டைப்பிஸ்ட் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் பைண்டிங் பசை காயவில்லை. காகிதம் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓடினாள். மற்ற பிரதிகளை நான் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் மதியத்துக்கு ஜன்னல் மூடும் நேரம். உள்ளே இருந்தவர் வாங்கிப் புரட்டி, கையில் ஒட்டிய பசையைப் பார்த்து, "இன்னாம்மா இது, சுடச்சுட எடுத்துக்கினு வர்ற?" என்றார். ரசீது வந்தது. அவள் அதை மடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள்.

நானும் மச்சானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் கடலூர் வந்தோம். மூன்று பேரும் நின்றுகொண்டு வந்தோம். அவள் மஞ்சக்குப்பத்தில் இறங்கி, "வரேன்ணா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். அன்றே கல்லூரியில் காட்ட வேண்டும். காட்டினாளா, அதற்குள் அந்த வேறு ஆளை எடுத்துவிட்டார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்க எங்களிடம் முகமும் இல்லை.

கோடைக்குள் நான் கிளம்பிவிடுவதாக இருந்தேன். ஒசூரில் ஏதோ வேலை என்று ஒருவன் சொல்லியிருந்தான். அதற்கு முன் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து சர்வீஸுக்குக் கூப்பிட்டார்கள். மச்சானுக்கு வேறு வேலை இருந்தது. என்னை அனுப்பினான். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதாம். வேலையாள் கதவைத் திறந்துவிட்டான். நீள மேஜையில் கண்ணாடி ஜாடிகள், உள்ளே நண்டுகள் மிதந்தன. மூலையில் அந்தக் கம்ப்யூட்டர். நான் உட்கார்ந்து பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"ஏய்! தொடாதீங்க!"

திரும்பினேன். வாசலில் அவள். புடவை, கையில் வருகைப் பதிவேடு, விரலில் சாக்பீஸ். அவள் பின்னால் மாணவிகள் வரிசையாக நின்றார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் சந்தோஷம் இல்லை, அப்பட்டமான பயம்தான். மேஜையைச் சுற்றி ஓடிவந்து எனக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்றாள். மாணவிகள் வாய்பிளந்து பார்த்தார்கள்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அந்த சேர்ல உக்காருங்க. கையக் கட்டிக்கங்க."

உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். அவள் பீரோவைத் திறந்து ஒரு சிடிக் கட்டை எடுத்தாள். ஒன்று போட்டாள், நகல் ஏறியதும் எடுத்தாள், அதன்மேல் பேனாவால் எழுதினாள். இன்னொன்று போட்டாள். வகுப்பு மணி அடித்தது. பெண்களைப் பார்த்து, "எல்லாரும் போயி உக்காருங்க, வந்துடறேன்" என்றாள். மூன்றாவதாக ஒரு சிடியைப் போட்டாள். எனக்குக் கால் மரத்துவிட்டது. அன்று ரசீதோடு எப்படி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சிடிகளைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப தொடுங்க" என்றாள்.